கேஷ் என்னும் சொல்லும் நம் காசும்

நம் பத்திரிகை அச்சுக்குப் போகும் தறுவாயில் அங்கத்தினர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். மார்க்கெட் ஸ்திரீட்டில் மளிகைச் சாமான் மொத்த வியாபாரம் செய்பவர். பூர்வீகம் நாகூர்ப் பக்கம். கையில் ஒரு தாளைச் சுருட்டி வைத்திருந்தார். விரித்துக் காட்டினார். வருஷந்தோறும் தம் வாடிக்கையாளருக்கு அவர் கொடுக்கும் காலண்டரின் மாதிரிப் பிரதி. கடையின் பெயருக்கு மேலே கொட்டை எழுத்தில், 'ஆங்கிலேயனுக்குக் கேஷ் என்னும் சொல்லைக் கொடுத்தது நம் தமிழ்க் காசு' என்று போட்டிருந்தது.

"இரண்டாயிரம் பிரதிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டேன். நாளை மறுநாள் அச்சு ஓடும். காலேஜில் வாசிக்கும் என் மகன், 'வாப்பா, இது தப்பு. தெரிந்தவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள்' என்கிறான். நான் சின்ன வயதிலிருந்து இப்படித்தான் கேட்டு வருகிறேன். நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்" என்றார்.

இது அவர் ஒருவருடைய சந்தேகம் அன்று. இவ்வூர்த் தேநீர்க் கடைகளில் நாமே பலமுறை இந்தப் பேச்சைக் கேட்டதுண்டு, தலையாட்டியதும் உண்டு. ஆதலால் அன்றிரவு அகராதிகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். தகப்பனார் சொன்னது முழுப் பொய்யுமன்று, மகன் சொன்னது முழு மெய்யுமன்று என்று தெரிந்தது. கண்டதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம். கணக்கெழுதும் கைகளுக்கு இதில் சுவை இருக்கும் என்பது நம் நம்பிக்கை.

முதலில் நம் கடைக் கல்லாவைப் பாருங்கள். கல்லா என்பது பணம் போடும் பெட்டி. ஆனால் இரவு கடை அடைக்கும்போது முதலாளி, "இன்றைக்குக் கல்லா எவ்வளவு?" என்று கேட்டால், பெட்டி எத்தனை அடி நீளம் என்றா கேட்கிறார்? உள்ளே விழுந்த தொகையைத்தான் கேட்கிறார். பெட்டியின் பெயர் பெட்டிக்குள் இருக்கும் பணத்துக்கு ஆகிவிட்டது. யாரும் உட்கார்ந்து தீர்மானம் போட்டு இப்படி மாற்றவில்லை. நாள்தோறும் பேசுகிற வாய்களே மாற்றிவிட்டன.

ஆங்கிலேயனுடைய கேஷும் இதே வழியில்தான் வந்தது. இலத்தீன் மொழியில் காப்ஸா என்றால் பெட்டி. ஈஸா நபி (அலை) அவர்கள் காலத்துக்கு முன்பிருந்தே அம்மொழியில் வழங்கிய சொல் அது. ரோமர்கள் தங்கள் ஏட்டுச் சுருள்களைப் போட்டு வைத்த பெட்டிக்கும் அதுவே பெயர். அதிலிருந்து இத்தாலியரின் காஸா, பிரெஞ்சுக்காரரின் கேஸ் முதலியன பிறந்தன. வியாபாரிகள் கையில் அது பணப்பெட்டி ஆயிற்று. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலேயர் அதை எடுத்துக்கொண்டபோது பணப்பெட்டி என்ற பொருளும் கூடவே வந்தது. பிறகு பெட்டிக்குள் இருக்கும் ரொக்கமே கேஷ் ஆயிற்று. பெட்டியைக் காத்திருப்பவன் காஷியர். சோடாப் புட்டிகளை ஒரு கேஸ், இரண்டு கேஸ் என்று நாம் எண்ணுகிறோமே, அந்தக் கேஸும் இதே காப்ஸாவின் பிள்ளை. மருந்துக் கடையில் விற்கும் காப்ஸ்யூல் என்பதற்குச் சிறு பெட்டி என்று பொருள்.

"சரி, அந்த இத்தாலியனே நம்மிடமிருந்து எடுத்திருக்கலாமே?" என்று கேட்போர் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். இதற்குத் தேதி பார்த்தே பதில் சொல்லிவிடலாம். இன்று உலகமெங்கும் எழுதப்படும் பற்று வரவுக் கணக்கு முறையை அச்சிட்ட நூலில் முதன்முதலாக விளக்கியவர் லூக்கா பாச்சோலி என்ற இத்தாலியத் துறவி. அவருடைய கணித நூல் வெனிஸ் நகரில் 1494ல் அச்சாயிற்று. அதில் வியாபாரி எழுத வேண்டிய கணக்குகளில் ஒன்றாகக் காஸாக் கணக்கு வருகிறது. நம் பேரேட்டில் ரொக்கக் கணக்குக்கு ஒரு பக்கம் ஒதுக்குகிறோம் அல்லவா, அதுவே. வாஸ்கோ ட காமா கடல் சுற்றிக் கோழிக்கோட்டில் வந்து இறங்கியதோ 1498ல். நான்கு வருஷம் பின்னால் வந்த கப்பலிலிருந்து முன்னாலேயே சரக்கு இறக்கியதாக எந்தக் கணக்கப்பிள்ளையும் எழுத மாட்டான்.

ஆகவே, ரொக்கம் என்ற பொருளில் ஆங்கிலத்தில் வழங்கும் கேஷ் நம் காசு அன்று. இந்த மட்டில் மகன் ஜெயித்தான்.

நிற்க. நல்ல ஆங்கில அகராதி ஏதேனும் ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். கேஷ் என்ற தலைப்பு ஒரு தடவையோடு நிற்பதில்லை. முதலாவது மேலே சொன்ன பெட்டி வழிக் கேஷ். அதன் கீழே, எழுத்தில் எள்ளளவும் வேற்றுமை இல்லாமல், இன்னொரு கேஷ் தனியாக நிற்கும். 'இந்தியாவிலும் சீனத்திலும் கிழக்கு நாடுகளிலும் வழங்கிய சிறு நாணயம்' என்று பொருள் எழுதி, மூலம் தமிழ்க் காசு என்று போட்டிருப்பார்கள். ஒரே பெயருள்ள இரண்டு பேர் ஒரே தெருவில் கடை வைத்திருப்பது போல இது. தபால்காரனுக்குத் தடுமாற்றம் வருவது சகஜம். அதற்காக ஒருவருக்கு வந்த மணியார்டரை மற்றவர் வாங்கிக்கொள்வது நியாயமா?

இந்தத் தடுமாற்றத்தை உண்டாக்கியவர்கள் போர்த்துக்கீசியர். அவர்களுடைய மொழியில் பெட்டிக்குக் காய்ஷா என்று ஏற்கனவே பெயர் இருந்தது. நம் கரைகளில் வந்து இறங்கிய பிறகு காசு என்ற சொல் அவர்கள் காதில் விழுந்தது. தெரியாத சொல்லைத் தெரிந்த சொல்லின் உருவத்தில் எழுதுவது மனித சுபாவம். அதையும் காய்ஷா என்றே எழுதினார்கள். அவர்களிடம் கற்ற ஆங்கிலேயரும் அதைக் கேஷ் ஆக்கினார்கள். கொங்கணி வழியாகவும் போர்த்துக்கீசியர் காதுக்கு இது எட்டியிருக்கலாம் என்று சொல்லும் அறிஞர் உண்டு. 1886ல் வெளிவந்த ஹாப்ஸன் ஜாப்ஸன் என்ற பெயர் பெற்ற அகராதியில் இவ்விஷயம் எழுதப்பட்டிருக்கிறது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னல் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர். தஞ்சை அரண்மனையின் வடமொழி ஏடுகளுக்கு அட்டவணை செய்தவர். நம் சீமையை அறியாதவர் எழுதியதன்று.

காசு என்பதன் பழமையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன் ராஜராஜ சோழன் தஞ்சைப் பெரிய கோயிலில் வெட்டி வைத்த கல்வெட்டுகளில் கொடைகளும் வட்டியும் காசுக் கணக்கிலேயே பேசப்படுகின்றன. அது பொற்காசு. பின்னாளில்தான் காசு செம்புக்கு இறங்கியது. கர்ஷம் என்ற வடமொழி எடைப் பெயரோடு இதைச் சிலர் தொடர்புபடுத்துவர். வெண்பாவின் கடைசிச் சீருக்கு இலக்கணக்காரர் வைத்த நான்கு வாய்பாடுகளில் காசும் ஒன்று என்பது தமிழ் வாசித்த பிள்ளைகளுக்குத் தெரியும்: நாள், மலர், காசு, பிறப்பு. பாட்டு எழுதுகிறவனும் கடைசியில் காசில் வந்து நிற்கிறான் என்று நம் வாத்தியார் ஒருவர் வேடிக்கையாகச் சொல்வார்.

இனி அந்த இரண்டாவது கேஷ் எங்கெல்லாம் சஞ்சரித்தது என்று பார்ப்போம். நமக்குப் பெருமை தரக்கூடியது இதில்தான் இருக்கிறது.

நடுவில் சதுர ஓட்டையிட்டுக் கயிற்றில் கோத்த சீனச் செப்பு நாணயங்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். ஜார்ஜ் டவுனில் பழம்பொருள் விற்கும் கடைகளில் தட்டுத் தட்டாகக் கிடக்கும். கிழக்குத் தீவுகளின் சந்தைகளில் பல நூற்றாண்டு காலம் சில்லறையாக ஓடியவை இவைதாம். மலாய்க்காரர் இவற்றைப் பீத்திஸ் என்றார்கள். சீனருக்கு அவர்கள் மொழியில் வேறு பெயர் உண்டு. ஆனால் போர்த்துக்கீசியரும் பின்னர் ஆங்கிலேயரும் இந்தச் சீன நாணயத்துக்கு வைத்த பெயர் நம் காசுதான். இன்றளவும் ஆங்கிலப் புத்தகங்களில் அதன் பெயர் சைனீஸ் கேஷ். சீனன் வார்த்த செம்புக்குத் தமிழன் சொல்லை வெள்ளைக்காரன் பெயராக வைத்தான். அந்தச் சீனனுக்கு இது தெரிந்திருக்கவே நியாயமில்லை.

சென்னப்பட்டணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் கணக்கே காசில்தான் ஓடிற்று. 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். 1818ல் ரூபாயை நிலையான நாணயமாக்கும் வரையில் இந்த வாய்பாடு இருந்தது. இங்கே வந்து குடியேறிய நம் முன்னோர், சூலியா ஸ்திரீட்டில் கடை திறந்து கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எழுந்த 1801ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தவர், ஊரில் பழகியிருந்த வாய்பாடு இதுவே. திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம் என்ற கணக்கு 1949 வரையில் நின்றது. அங்கே நாணயத்தின் மேலேயே ஆங்கில எழுத்தில் கேஷ் என்று பொறித்திருந்தார்கள்.

கம்பெனியார் சென்னைக்காக அடித்த 20 காசு நாணயத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1803லும் 1808லும் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் அருகே சோஹோ என்னுமிடத்தில் மாத்யூ போல்டன் என்பாரின் நீராவி அச்சுச்சாலையில் இது அடிக்கப்பட்டது. ஒரு பக்கம் கம்பெனியின் சிங்க முத்திரை. மறு பக்கம் ஆங்கிலத்தில் 20 கேஷ். அதனோடு பார்ஸி மொழியில், அரபெழுத்தில், இருபது காஸ் நான்கு ஃபுலூஸ் ஆகும் என்ற வாசகம். இப்படிப்பட்ட நாணயம் நான்கு கொடுத்தால் ஒரு பணம். 168 கொடுத்தால் ஒரு வராகன். உள்ளங்கையில் அடங்கும் ஒரு செம்புத் துண்டில் நம் காசு இரண்டு எழுத்தில் இரண்டு வேஷம் போட்டுக்கொண்டு நிற்கிறது. பக்கத்தில் அரபி நாட்டு ஃபுலூஸ். தமிழ் பேசி அரபெழுத்தில் ஓதும் நம்மவரின் படம் எடுத்தாற்போல் இல்லையா?

இந்த நாணயங்களை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்ட கப்பல்களில் ஒன்று அட்மிரல் கார்ட்னர். 1809 ஜனவரியில் புயலில் அகப்பட்டு, இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் மோதி உடைந்தது. பீப்பாய் பீப்பாயாக அதில் இருந்த 10 காசும் 20 காசும் கடலுக்குள் போயின. 1980களில் முக்குளித்தவர்கள் அவற்றில் லட்சக்கணக்கானவற்றை வெளியே எடுத்தார்கள். தமிழ்நாட்டுச் சந்தையில் கீரையும் கருவாடும் வாங்கப் பிறந்த காசு, தமிழ்நாட்டைக் கண்ணாலும் பாராமல் 175 வருஷம் வெள்ளைக்காரன் வாசலில் மணலுக்கடியில் கிடந்தது. இப்போது நாணயம் சேர்ப்போர் அவற்றை விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

ஃபுலூஸ் என்றோமே, அதையும் விட மனமில்லை. நம் கடைகளில் மலாய் வாடிக்கையாளர் சிலர் கைப்பணத்தை வேடிக்கையாக ஃபுலூஸ் என்பார்கள். அரபியில் ஃபல்ஸ் என்பது செப்பு நாணயம். அதன் பன்மை ஃபுலூஸ். அதுவும் அரபியில் பிறந்த சொல்லன்று. ரோம ராஜ்யத்தின் ஃபோலிஸ் என்ற நாணயப் பெயரிலிருந்து வந்தது. ஃபோலிஸ் என்றால் தோல் பை. எண்ணிப் போட்டு முத்திரையிட்ட பணப்பைக்கும் அப்பெயர் வழங்கிற்று. பை நாணயமாயிற்று, பெட்டி கேஷ் ஆயிற்று, கல்லா வியாபாரமாயிற்று.

நம்மூர்ப் பணத்தின் பெயர்களுக்கும் இப்படிக் கதை உண்டு. பிரான்சிஸ் லைட் 1786ல் இத்தீவில் இறங்கியபோது இங்கெல்லாம் ஓடியது ஸ்பெயின் நாட்டு வெள்ளி டாலர். காட்டை வெட்டத் தயங்கிய கூலியாட்களுக்கு ஆசை காட்ட, பீரங்கியில் வெள்ளி நாணயங்களை அடைத்துக் காட்டுக்குள் சுட்டான் என்று இவ்வூரில் ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியோ, அந்த டாலரின் ஓரம் பல் பல்லாக வெட்டியிருக்கும். அந்தப் பல்லைக் குறித்த மலாய்ச் சொல்லே ரிங்கிட். 1975ல் அதுவே நம் நாட்டு நாணயத்தின் அதிகாரபூர்வப் பெயராயிற்று. டூயிட் என்பதோ டச்சுக்காரரின் செப்புச் சல்லி. டச்சுக் கம்பெனி ஒழிந்து இருநூறு வருஷத்துக்கு மேலாகிறது. ஆனால் இன்று நம் கடை மேஜைகளில் ஒட்டியிருக்கும் கட்டக் கட்டப் படத்தில் டூயிட்நவ் என்று அதன் பெயர் நிற்கிறது. பையன்கள் கைப்பேசியைக் காட்டுகிறார்கள். பெட்டியில் ஒன்றும் விழுவதில்லை. கணக்கில் மட்டும் ஏறுகிறது. கல்லா என்ற சொல்லுக்கு இனி என்ன பொருள் வரப்போகிறதோ!

இவ்வளவும் எழுதிய பிறகு இன்னொரு நாணயமான காரியமும் செய்ய வேண்டியிருக்கிறது. தமிழுக்கு ஒரு நியாயம், அரபிக்கு ஒரு நியாயம் என்று வைக்கலாகாது. செக் என்ற சொல் அரபியின் ஸக் என்பதிலிருந்து வந்தது என்று நம்மவர் மேடைகளில் பேசுவதுண்டு. ஸக் என்பது பணம் கொடுப்பதாக எழுதிய பத்திரம். கி.பி. 10ஆம் நூற்றாண்டில் இப்னு ஹவ்கல் என்ற யாத்திரிகர் ஆப்பிரிக்கப் பாலைவனத்தின் தென்கோடியில் 42,000 தீனாருக்கு எழுதிய ஒரு ஸக்கைக் கண்டதாக எழுதி வைத்திருக்கிறார். ஐரோப்பாவில் வங்கிகள் தலையெடுக்கும் முன்னரே முஸ்லிம் வியாபாரிகள் இம்முறையைக் கையாண்டார்கள் என்பது சரித்திரம், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஆங்கிலச் சொல்லைப் பற்றி அவர்களுடைய அகராதிகள் சொல்வது வேறு. மோசடி நடவாமல் ஒத்துப் பார்ப்பதற்காகப் புத்தகத்திலேயே நிறுத்திக்கொள்ளும் அடிச்சீட்டுக்கு 18ஆம் நூற்றாண்டில் செக் என்று பெயர். செக் என்றால் சரிபார்த்தல். அச்சொல்லும் சதுரங்கப் பலகையில் ராஜாவை மறித்துச் சொல்லும் செக்கிலிருந்து வந்தது. அந்தச் செக்கோ பார்ஸி மொழியின் ஷா, அரசன். காரியம் நம்மவருடையது, பெயர் பார்ஸிக்காரன் வழி வந்தது. அப்படியே எழுதிக்கொள்வோம். அரபிக்குச் சந்தேகமில்லாத வரவு வேறு உண்டு: துறைமுகத்தில் நாம் நித்தம் கேட்கும் தாரிஃப் அரபியின் தஅரீஃப்.

மறுநாள் காலையில் அங்கத்தினர் வந்தார். மகனும் கூட வந்திருந்தான். கண்டதையெல்லாம் சொன்னோம். பெரியவர் முகம் வாடிவிட்டது. "அப்போது காலண்டரில் போட நமக்கு ஒன்றுமே இல்லையா?" என்றார்.

"அண்ணே, உங்கள் சரக்கெல்லாம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டோம்.

"எங்கே இருக்கும்? குடோனில்தான்."

அந்தக் குடோன்தான் நாம் சொல்ல வந்தது. நம் நாட்டில் சரக்கு அடைக்கும் இடத்துக்குக் கிடங்கு என்று பெயர். கரையோர வியாபாரிகள் அதை இந்தப் பக்கம் கொண்டு வந்தார்கள். மலாய்க்காரர் நாவில் அது கூடாங், கெடோங் ஆயிற்று. அவர்களிடமிருந்து போர்த்துக்கீசியர் எடுத்தார்கள். ஆங்கிலேயர் அதைக் கோடவுன் ஆக்கினார்கள். கிழக்கு நாட்டுத் துறைமுகங்களில் எல்லாம் அது பரவிற்று. கடைசியில் நாமே அதை ஆங்கிலேயனிடமிருந்து திரும்ப வாங்கிக் குடோன் என்கிறோம்; கொடுத்தனுப்பியது யாருடைய சரக்கு என்பது மறந்துபோயிற்று. மலாய் மொழியில் நம் சொற்கள் இன்னும் எத்தனையோ உண்டு. கடை கெடாய் ஆயிற்று, முதல் மோடால் ஆயிற்று, பெட்டி பெத்தி, கப்பல் காப்பால். இவற்றுக்கெல்லாம் யாரும் வழக்குக்கு வர மாட்டார்கள். பெட்டிச் சண்டைக்குப் போய்த் தோற்பானேன்?

பெரியவர் அங்கேயே அச்சகத்துக்குப் போன் செய்து, மேல் வரியை நிறுத்தி வைக்கும்படி சொன்னார். பிறகு நம் மேஜையிலிருந்த காகிதத்தை இழுத்து, 'உலகத்துக் குடோன்கள் எல்லாம் தமிழ்க் கிடங்கு' என்று எழுதி மகனிடம் நீட்டினார்.

அவன் படித்துவிட்டுத் தயங்கினான். "வாப்பா, தெலுங்கிலும் கிடங்கி என்று இருக்கிறதாம். அகராதியில் இரண்டையும்தான் போட்டிருக்கிறார்கள்."

பெரியவர் நம்மைப் பார்த்தார். நாமும் ஆமென்று தலையசைத்தோம். பேனாவை வாங்கித் தமிழ் என்ற சொல்லை அடித்துவிட்டு, மேலே 'நம் கரை' என்று எழுதினார். காலண்டர் நான்கு நாள் தாமதமாக வரும் என்று வாடிக்கையாளருக்குத் தெரிவிக்கச் சொல்லியிருக்கிறார், தெரிவித்துவிட்டோம்.